கண்ணாடிக்கடைக்காரர் கொடியைத் தூக்கினார்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தது கதையே அல்ல, ஒரு கட்டுரைக்கான உத்தரவு. எங்கள் நகரத்தில் மறுபடியும் பெரிய வாலிபால் போட்டி நடக்கப்போகிறது, பல நாட்டு அணிகள் வருகின்றன. வாலிபால் கழகச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "விழா மலருக்கு நம்ம ஊர் வாலிபால் வரலாறு வேணும். படிக்கிறவனுக்கு நெஞ்சு விம்மணும்" என்றார். நான் எழுதுவேன் என்று யார் சொன்னது எனக் கேட்டேன்.

"உங்க அக்காதான். வேற வேலை எதுவும் இல்லாம இருக்கான்னு சொன்னாங்க."

உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

"உலகில் நகரங்கள் ஆயிரம் உண்டு. ஆனால் வலையின் நிழலில் வளர்ந்த நகரம்—"

நிறுத்திவிட்டேன். வலைக்கு ஏது நிழல்? அது முழுக்க ஓட்டை.

"இந்நகரில் முதல் போட்டி நடந்த ஆண்டு—"

இதையும் விட்டேன். மூன்று பேரைக் கேட்டதில் நான்கு ஆண்டுகள் கிடைத்தன. ஒருவர் டீ குடித்த பிறகு மனசு மாறிவிட்டார்.

மூன்றாவது தொடக்கம் தானாக வந்தது: "கண்ணாடிக்கடைக்காரர் கொடியைத் தூக்கினார்." எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்தேன். செயலாளர் இதைக் கேட்கவில்லை. நெஞ்சு விம்முவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதோடு, அந்தக் கண்ணாடிக்கடைக்காரர் என் அக்காவின் கணவர்.

2

(செயலாளருக்காக ஒரு பகுதி. அவசரமுள்ளவர்கள் மூன்றுக்குப் போகலாம்.)

எங்கள் நகரத்தில் பிள்ளை பிறந்தால் அழுகிறதா என்று பார்ப்பதற்கு முன் கை நீளமா என்று பார்ப்பார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு வலை கட்டியிருக்கும். காலையில் அதில் துணி காயும், சாயங்காலம் பந்து பறக்கும். வெளியூர் அணிகள் வந்து தங்கிய காலத்தில், பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த விடுதிக்காரர் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்தார். அப்படியும் பாதம் வெளியே தொங்கியது. குளியலறை நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாத ஆட்டக்காரர் இல்லை. ஒரு சீசன் முடிந்ததும் அவர் நிலைப்படியை இடித்துக் கட்டினார். இன்றும் அந்த விடுதிக் கதவுகள் யானை நுழைகிற அளவு இருக்கும்.

நாட்டின் அணி என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். தங்களுக்குள்ளேயே பந்தைக் கொடுத்துக்கொள்கிறார்கள் என்று மற்றவர்கள் புகார் சொல்வார்கள். உண்மைதான், சொல்வார்கள்.

எல்லோரும் உயரமாகப் பிறந்துவிடுவதில்லையே, குள்ளமானவர்கள் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நடுவர் ஆவார்கள்.

3

மாமா நடுவரானது அப்படித்தான்.

[இங்கே ஒரு சிக்கல். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்க்கிற ஆள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார் என்று எழுதினால் நம்புவீர்களா? எழுத்தாளன் வசதிக்காகச் செய்த வேலை என்பீர்கள். அதனால் முதல் வரைவில் அவரைக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஆக்கினேன். மாமா படித்துவிட்டு, "எனக்குக் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கக்கூடத் தெரியாதேடா" என்றார். கண்ணாடிக்கடையே இருக்கட்டும். உண்மை சில சமயம் இப்படி அசட்டுத்தனமாகத்தான் இருக்கும், நான் என்ன செய்ய?]

அப்போது அவர் மாமா அல்ல. யாரோ ஒரு இளைஞர், பகலில் லென்ஸ் தேய்ப்பார், போட்டி நடக்கும்போது ஆடுகளத்தின் மூலையில் சின்னக் கொடியோடு நிற்பார். பந்து உள்ளே விழுந்தால் கொடியைத் தாழ்த்த வேண்டும், வெளியே விழுந்தால் தூக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அக்காவை ஊரே 'இடி' என்று கூப்பிட்டது. அவள் எம்பி அடித்தால் பந்து எதிர்ப்பக்கம் போய் விழுகிற சத்தம் வெளியே சைக்கிள் நிறுத்துமிடம் வரை கேட்கும். நாட்டு அணியில் ஆடிவிட்டு, சொந்த ஊருக்காக இறுதி ஆட்டம் ஆட வந்திருந்தாள். கடைசி செட். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. பந்து உயர்ந்தது, இடி எம்பினாள், அடித்தாள். பந்து எதிரணியின் பின்கோட்டுக்குப் பக்கத்தில், மாமா நின்ற மூலையில் விழுந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் கொடியைத் தூக்கினார்.

அதன்பிறகு எங்கள் அணிக்குக் கை ஓடவில்லை. கோப்பை பஸ் ஏறிப் போய்விட்டது.

(நீ எங்கே இருந்தாய், நீயே பார்த்திருப்பாயே என்று கேட்பீர்கள். எங்கள் நகர வரலாற்றின் முக்கியமான பந்து தரையைத் தொட்டபோது நான் வெளியே டீக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டது. இடியின் சத்தம், பிறகு ஊரின் சத்தம்.)

4

மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாக அக்கா போய் நின்றாள்.

"என்னைத் தெரியுதா?"

"தெரியுது."

"என்னைத் தெரியுது. கோட்டுக்கு உள்ள விழுந்த பந்து தெரியல. எங்க பார்த்துட்டு இருந்தீங்க?"

"கோட்டைப் பார்த்துட்டு இருந்தேன். பந்து அங்க வரும்னு காத்திருந்தேன். வந்துச்சு, நிக்காம தாண்டிப் போச்சு."

"தாண்டல."

"தாண்டிச்சுங்க."

அதற்கு அடுத்த நாள் அவள் சாக்பீஸோடு வந்து கடைத் தரையில் கோடு போட்டாள். கண்ணாடிக் கூடு ஒன்றைப் பந்தாக வைத்து, இங்கே விழுந்தது என்றாள். அவர் குனிந்து, அந்தக் கூட்டை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தார். அவள் பழையபடி இழுத்து வைத்தாள். மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டார்கள். முதல் வாரம் அவரைத் திட்டுவதற்காகவே கடைக்குக் கூட்டம் வந்தது. திட்ட வந்தவர்களில் பாதிப் பேர், வந்ததுதான் வந்தோம் என்று கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு போனார்கள்.

[காதல் எந்த இடத்தில் வந்தது என்று எழுத மூன்று முறை முயன்றேன். "அவள் விரல் அவர் விரல் மீது—" வேண்டாம். அக்காவின் விரல்கள் பந்து அடித்து அடித்து மூட்டு மூட்டாக வீங்கியவை. அவை யார் மீது பட்டாலும் வலிக்கும்.]

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் அக்கா வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஊர்ல வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா? கோப்பையைத் தாரை வார்த்தவனைப் போயா கட்டுவே?"

"அவர்கிட்ட நான் இன்னும் பேசி முடிக்கலப்பா" என்றாள் அக்கா.

கல்யாணம் நடந்தது. பேச்சு முடியவில்லை. சமையலறையில், ரயிலில், பிரசவ வார்டில், மகளின் பள்ளிக்கூட வாசலில் என்று எங்கே போனாலும் ஏதாவது ஒரு சாக்கில் அந்தப் பந்து வந்துவிடும். "உப்பு கூட" என்று மாமா சொன்னால், "உங்களுக்கு எப்பவுமே எல்லாம் கொஞ்சம் தாண்டித்தான் தெரியும்" என்பாள். அவர் சிரிப்பார். ஆனால் 'உள்ளே' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. காய்ச்சலில் பிதற்றியபோதுகூட.

5

இப்போது செயலாளருக்கு வருவோம். கட்டுரை முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நல்லா இருக்கு. ஒரு திருத்தம். அந்தப் பந்து உள்ளேதான், நடுவர் தப்புப் பண்ணிட்டார்னு போட்டுருங்க. ஊருக்கு ஒரு ஆறுதல். தொடக்க விழாவுல உங்க அக்காவுக்குக் கேடயம் தர்றோம். அப்பவே மாமா மைக்ல 'உள்ளே'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கைதட்டுல கூரை பிச்சுக்கும்."

மாமா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன்.

அன்று சாயங்காலமே மாமா என் அறைக்கு வந்தார். என் மேஜையில் கிடந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார். ஏற்கெனவே அவை ஒழுங்காகத்தான் இருந்தன.

"செயலாளர் என்கிட்டயும் சொன்னார்டா. நீ உள்ளேன்னே எழுதிடு. நானும் சொல்லிடறேன்."

"மாமா?"

"அவளுக்கு முட்டி போயாச்சு. அடுத்த தடவை இந்த ஊர்ல போட்டி நடக்கிறப்ப அவளால படி ஏற முடியுமோ என்னவோ. மேடையில ஒரு நிமிஷம் அவ சந்தோஷமா நிக்கட்டும். ஒரு பந்துதானே."

"அப்ப நீங்க பார்த்தது?"

"நான் பார்த்ததை யாரு கேட்டா?"

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீது எனக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. இத்தனை பக்கமாக அழுத்தக்காரர் என்று நான் கட்டி எழுப்பிய ஆள், ஒரே வரியில் வழுக்கி இறங்கினால் வாசகர் ஏற்பாரா? அவர் பேசியதை எழுதி, ஓரத்தில் 'காரணம் போதவில்லை' என்று குறித்து வைத்தேன்.)

அந்த ஓரக்குறிப்போடு தாளை அப்படியே மேஜையில் விட்டது என் தவறு. அக்கா எனக்குச் சாப்பாடு கொடுக்க வந்தவள் படித்துவிட்டாள். தாளைக் கையில் பிடித்தபடி, சாய்ந்து சாய்ந்து நடந்து வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ளேன்னு சொல்லப் போறியாமே?"

"நீ கேட்டதுதானே."

"நான் ஒத்துக்கோன்னு கேட்டேன். குடுன்னு கேட்கல."

மாமா இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ உள்ளேன்னு பார்த்திருந்தா சொல்லு, கேட்டுக்கிறேன். எனக்காகச் சொன்னேன்னா மேடையை விட்டு இறங்கிடுவேன். இத்தனை வருஷமா நான் உன்கிட்ட மல்லுக்கு நின்னதே நீ சாய மாட்டேன்னுதான். சுவருன்னு நம்பித்தானே பந்தை அடிச்சேன். இப்ப வந்து திரைச்சீலைன்னா என்ன அர்த்தம்?"

"அப்ப வெளியேன்னு சொல்லட்டுமா? நீ கேடயத்தோட உட்கார்ந்திருக்கிறப்ப ஊரே ஊளையிடும்."

அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டை லேசாகக் கருகும் வாசனை வந்தது. இரண்டு பேருமே கவனிக்காததால் நான் போய்ப் பெட்டியைத் தூக்கி வைத்து சுவிட்சை அணைத்தேன்.

6

விழாவுக்கு முன்பே முடிவுகளை எழுதி வைத்துவிடலாம் என்று பார்த்தேன்.

முடிவு அ: மாமா 'உள்ளே' என்கிறார். அக்கா இறங்கிப் போகிறாள். கூட்டம் கைதட்டுகிறது. (நன்றாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு யார் சமாதானம் சொல்வது?)

முடிவு ஆ: 'வெளியே' என்கிறார். கூட்டம் ஊளையிடுகிறது. அக்கா மட்டும் எழுந்து நின்று கைதட்டுகிறாள். (இதை எழுதி முடித்ததும் நானே கைதட்டிவிட்டேன். அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இ: மின்சாரம் போய்விடுகிறது. (வெட்கக்கேடு.)

7

நடந்தது இது.

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வெளிநாட்டு ஆட்டக்காரிகள் கால் நீட்ட இடமில்லாமல் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மேடை நாற்காலியில், மடியில் கேடயம். செயலாளர் மாமாவை மேலே அழைத்தார்.

"ஐயா, ஊரே காத்துட்டு இருக்கு. அந்தப் பந்து உள்ளேயா, வெளியேயா?"

"கண்ணாடி போட்டுட்டுச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, அரங்கமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். மைக்கை வாங்கினார். அக்கா அவரைப் பார்க்காமல் மேடைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா மைக்கைச் செயலாளரிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு இரண்டு கைகளையும் மார்பின் மேல் குறுக்காக வைத்து, நேராக நின்றார்.

அடக்கமாக வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. செயலாளரும் தட்டினார். முன்வரிசை ஆட்டக்காரிகள் மட்டும் தட்டவில்லை. கொடிபிடிக்கும் நடுவருக்கு இன்னொரு சைகையும் விதியில் இருக்கிறது. கைகளை மார்பில் குறுக்காக வைத்தால், 'நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. காட்டியவனை நம்பி அடுத்த ஆட்டத்துக்குக் கொடி கொடுக்க மாட்டார்கள்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கேடயம் மடியிலிருந்து நழுவி விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

8

அவர் காட்டியது நிஜமென்றால், அன்றைக்குப் பார்க்காமலேயே கொடியைத் தூக்கியிருக்கிறார். கோப்பை சும்மா போயிருக்கிறது, கடைத் தரையில் போட்ட சாக்பீஸ் கோடெல்லாம் வெறும் நடிப்பு. பொய்யென்றால், நன்றாகப் பார்த்தவர், அவளுக்குப் பிச்சையும் போடாமல் அவமானமும் தராமல் இருக்க, தன்னிடம் இருந்த ஒரே பெருமையை ஊர் நடுவில் இறக்கி வைத்திருக்கிறார். இரண்டில் எப்படிப் பார்த்தாலும் மனிதர் கள்ளன்.

மேடைக்குப் பின்னால் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "மாமா, நிஜமாவே பார்க்கலையா?"

"டாக்ஸி வந்துடுச்சான்னு பாரு" என்றார்.

வந்திருந்தது. அக்கா முதலில் ஏறினாள். முட்டியை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். மாமா ஏறினார். அவள் அவர் பக்கம் திரும்பி, "நீ" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

ஒரு தகவல் தருகிறேன், உதவும். அக்கா அவரைச் சாதாரணமாக 'நீங்க' என்பாள், சண்டை என்றால்தான் 'நீ'. நான் கேட்டது முழுச் சொல்லா பாதிச் சொல்லா என்று எனக்குத் தெரியாது.

டாக்ஸியில் முன்சீட்டு காலியாகத்தான் இருந்தது. என்னை ஏறச் சொல்லவில்லை, நான் நடந்தே வீட்டுக்குப் போகிறேன். நீங்கள் வாசகர், உங்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை. ஓட்டுநர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். பின்னால் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள். காது போதும்.