சீக்கிரம் இருட்டட்டும்

…ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது, ஊரே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிகிற நேரத்தில் தனக்கு மட்டும் உள்ளுக்குள் இனிக்கிறது என்று… ராஸ்மா மருந்துக்கடையின் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை குளிர்காலக் கணக்குக்காக எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியாயிற்று, இன்று ஐந்து அடிப்பதற்குள் எதிரே ரொட்டிக்கடையின் பெயர்ப்பலகை கரைந்துபோய் விளக்கு மட்டும் மஞ்சளாக மிஞ்சியிருந்தது. காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதே புலம்பல்தான். வைட்டமின் டி வாங்க வந்த அம்மாள், "இனிமே கோழி மாதிரி பொழுதோட கூட்டுக்குள்ள அடைய வேண்டியதுதான், மார்ச் வரைக்கும் நாமல்லாம் மனுஷங்களே இல்ல" என்றாள், கூட வந்த நாயும் தரையில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டு அதையே சொல்வதுபோலப் பார்த்தது. தூக்க மாத்திரை கேட்ட மரப்பட்டறைக்காரர், "போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு, என் வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட்னு ஞாயித்துக்கிழமைதான் தெரியும்" என்றார். ராஸ்மா ஒவ்வொருவருக்கும் உச்சுக்கொட்டினாள், ஆமாம் ஆமாம் பெரிய கொடுமை என்றாள், கை தன்பாட்டுக்கு மருந்தைப் பையில் போட்டது, மனம் மட்டும் சின்னப் பெண்ணைப் போலக் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் இருட்டட்டும், ஆறு மணிக்குக் கடையைப் பூட்டும்போது பாலத்து முனையில் அவர் நிற்பார். அறுபது வயதில் இதெல்லாம் என்ன வெட்கக்கேடு என்று ஒரு பக்கம் கேட்டது. கேட்கட்டுமே.

கோடை முழுக்க அவள் காத்திருந்தது இதற்குத்தான். வடகோடியில் இருக்கும் இந்த ஊரில் ஜூன் மாதம் இரவு பதினொன்றுக்கும் வானம் வெளுத்துக் கிடக்கும், எல்லோரும் அதைக் கொண்டாடுவார்கள், தெருவெல்லாம் ஆட்கள், ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், ஒரு ஆளோடு சேர்ந்து நாலு எட்டு நடக்க ஒரு நிழல்கூடக் கிடைக்காது. "இலையுதிர் காலம் வரட்டும் ஓயார்ஸ்" என்று அவள்தான் சொன்னாள், அவர் மறுபேச்சு பேசவில்லை, தோட்டத்து வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து கடையில் வைத்துவிட்டுப் போவார், பார்க்கிறவர்களுக்கு அது மருந்துக்கடைக்காரிக்கு ஒரு வாடிக்கையாளர் தரும் வெள்ளரிக்காய், அவ்வளவுதான். போன நவம்பரில் ஒருநாள் நடைபாதை பனி உறைந்து வழுக்கியது, முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், வழக்கமாக வாங்கும் பிளூபெர்ரி மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றவர், "சேர்ந்து போலாமா, விழுந்தா ரெண்டு பேரா விழலாம்" என்றார், அன்றைக்குப் பாதி வழியில் அவர் கையைப் பிடித்தார், அல்லது அவள் பிடித்தாளா… இல்லை, அவர்தான், இறுக்கிப் பிடித்தார், குனார்ஸ் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. பாவம், செத்துப்போன மனிதனை எதற்கு இழுக்க வேண்டும், நல்ல புருஷன்தான், குடியில்லை அடியில்லை, ஆனால் தெருவில் எப்போதும் நாலடி முன்னால் நடப்பான், அவள் அவனுடைய முதுகோடுதான் முப்பது வருஷம் நடந்தாள். இந்த மனிதர் பக்கத்தில் நடந்தார், இருட்டு அதற்கு ஒரு சுவர் கட்டிக் கொடுத்தது.

சுவர் எதற்கு என்றால் ஜென்டாவுக்காக. குனார்ஸின் அக்கா, அவளுக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கிறாள், சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தபடி. கெட்டவள் என்றால் சுலபமாகப் போயிருக்கும், சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஜென்டா கெட்டவள் இல்லை. முந்தாநாள், வருஷா வருஷம் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும் சாயங்காலத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள், மரங்களுக்கடியில் ஊர்ச் சனம் முழுக்கக் குனிந்து குனிந்து சுடர் ஏற்றிக்கொண்டிருந்தது, குனார்ஸின் கல்லில் விழுந்த சருகை ஜென்டா கையாலேயே கூட்டித் தள்ளிவிட்டு, "எங்க தம்பிக்கு இந்த உலகத்துல நீயும் நானும்தான் மிச்சம்" என்றாள், ராஸ்மாவின் கையுறையைத் தடவிக் கொடுத்தாள், திரும்பும்போது பூசணித் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றித் தந்தாள். அப்படிப்பட்டவளிடம் எந்த வாயால் சொல்வது, ஜென்டா, எனக்கு இன்னொருத்தர் இருக்கிறார் என்று?

ஆறு மணிக்குக் கடையைப் பூட்டினாள். பாலத்து முனையில் ஓயார்ஸ் நின்றார், மேல்கோட்டின் இரண்டு கைகளிலும் முதுகிலும் பையிலும், வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லைகளாகத் தொங்கவிட்டிருந்தார், குளிர்காலத்தில் வண்டி மோதாமலிருக்க எல்லோரும் ஒன்று மாட்டிக்கொள்வார்கள், இவர் ஒரு கடையையே மாட்டியிருந்தார். "கிறிஸ்துமஸ் மரத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே" என்றாள். "முன்கூட்டியே வந்துட்டேன், மேல நட்சத்திரம் மட்டும் நீங்க வைக்கணும்" என்றார். ஒரு வருஷமாகியும் இன்னும் நீங்கதான், அதுவும் அவளுக்குப் பிடித்திருந்தது, ஏதோ ஒன்றைப் பிரிக்காமல் வைத்திருப்பதுபோல. கையைக் கொடுத்தாள், அவர் பிடித்துக்கொண்டார், அதே இறுக்கம், கௌயா ஆறு கீழே கறுப்பாகச் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு போனது, பாலத்து விளக்குகளை எரியவிடும் கடிகாரத்தை யாரோ தப்பாகத் திருப்பி வைத்துவிட்டார்கள்போல, ஒன்றும் எரியவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். சதகுப்பைக் கீரையை உப்பில் ஊறப்போட்டதை அவர் சொல்லிக்கொண்டு வந்தார், அவள் மரப்பட்டறைக்காரரின் பெயின்ட் கதையைச் சொன்னாள், அவர் சிரித்தார், பாலத்தின் நடுவுக்கு வந்திருப்பார்கள், அப்போதுதான் அந்தக் கரையிலிருந்து ஒரு பெண் வருவது தெரிந்தது, தடித்த உருவம், தலையில் கம்பளித் தொப்பி, ஒரு கையில் பை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை… ஜென்டா.

ராஸ்மா யோசிக்கவில்லை. கையை உருவிக்கொண்டாள், வேகமாகப் பத்தடி முன்னால் போனாள், தன்பாட்டுக்குத் தனியாக நடக்கிறவளைப் போல, பையைத் தோளில் சரிசெய்தாள், தொண்டையைக் கனைத்தாள், என்ன சொல்லலாம், காற்று வாங்க வந்தேன், தலைவலி… அந்தப் பெண் பக்கத்தில் வந்தாள், நேராகப் பார்த்தாள், யாரோ, முன்பின் பார்த்திராத யாரோ, முட்டைக்கோஸ் வாசனை அடிக்கும் பையோடு "நல்ல சாயங்காலம்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அடச்சே என்று ராஸ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் பின்னாலிருந்து மணியடித்தபடி ஒரு சைக்கிள் அவர்கள் இருவருக்கும் நடுவே பாய்ந்து போனது, அதன் பிறகுதான் அந்தக் குரல்.

"ராஸ்மா… எங்க இருக்க நீ? என்னை விட்டுட்டுப் போயிடாத."

நீ என்றார். அதுவல்ல, அந்தக் குரல், அது அவருடையதே இல்லை. திரும்பினாள், விட்ட இடத்திலேயே நின்றார், ஒரு கை பாலத்துக் கம்பியைத் தேடிக் காற்றில் அலைந்தது, கம்பி அவருக்கு மறுபக்கம் இருந்தது.

"இங்கதான் இருக்கேன், பத்தடியில."

"பத்தடின்னா எந்தப் பக்கம்?"

ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் விரல்கள் அவள் மணிக்கட்டில் பதிந்த விதத்தில் அவளுக்குப் புரிந்துபோயிற்று, எல்லாம் ஒரே மூச்சில், மாதம் தவறாமல் வாங்கிய பிளூபெர்ரி மாத்திரை, அது கண்ணுக்கென்று அவளே அட்டையைப் படித்துக்காட்டி விற்றது, தன்னைப் பார்க்க ஒரு சாக்கு என்று நினைத்து நினைத்துச் சிரித்தது, வசந்தத்தில் காரை விற்றபோது பெட்ரோல் விலை என்றாரே, கஞ்சன் என்று கேலி செய்தாளே… மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறாளாம், மருந்துக்கடையில்.

"எப்பலருந்து?" என்று கேட்டாள்.

"போன வருஷமே. விளக்கு தெரியும், பொட்டு மாதிரி. தரை தெரியாது. ரீகாவுல பெரிய டாக்டர்கிட்டப் போய்க் காட்டினேன், பகல் பார்வை இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்னாங்க, இருட்டுப் பார்வை திரும்பாதாம்." பிறகு, "ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஏத்திட்டுப் போனவன், இப்ப கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்" என்று சிரிக்கப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்கு இருட்டுனாத்தான நிம்மதி. பகல்ல நடக்கலாம்னு சொன்னா நடக்கவே வேண்டாம்னு சொல்லிடுவீங்க."

சொல்லியிருப்பாள். நிச்சயமாகச் சொல்லியிருப்பாள். அப்படியானால் போன குளிர்காலம் பூராவும், அவளை வீட்டு முற்றத்தில் விட்டுவிட்டு, அவள் மாடியேறி, காலணியைக் கழற்றி, தேநீர் போட்டுக் கொண்டிருந்தபோதெல்லாம்… "அங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" அவர் தோளைக் குலுக்கினார். "வேலியைத் தடவிக்கிட்டே போயிடுவேன். அந்த மூலைவீட்டு நாய் முதல்ல குலைச்சுது, அப்புறம் என் கையை மோந்து பழகிடுச்சு." அவள் அவர் கையைத் தன் முழங்கைக்குள் கோத்துக்கொண்டாள், இன்று தன் வீட்டுக்குத் திரும்பவில்லை, பாலத்தைக் கடந்து அவர் வீட்டுப் பக்கம் நடந்தாள், இங்கே ஒரு படி, இங்கே குழி, இங்கே சருகு வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே, சொல்லச் சொல்ல ஒரு கேள்வி மட்டும் கூடவே வந்தது, அப்படியானால் அந்த இறுக்கம்? ஒரு வருஷமாகத் தூக்கம் வராத இரவுகளில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இறுக்கம், அது பயமா? வெறும் பயமா? பயந்தவன் வேலியோரம் வீட்டுக்குப் போயிருக்கலாமே, ஒவ்வொரு சாயங்காலமும் பாலத்து முனையில் வந்து எதற்கு நிற்க வேண்டும்? பயத்தையும் மற்றதையும் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியுமா, அவளுடைய நிம்மதியில்கூட எவ்வளவு பயம் கலந்திருந்தது, இன்றைக்கு அவள் கையை உருவியது எதனால்?

அவருடைய மரவீட்டு வாசலில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே வர்றீங்களா, பட்டாணி வேக வைத்திருக்கிறேன் என்றார். இன்றைக்கு வேண்டாம் என்றாள். பிறகு, நினைத்துப் பார்ப்பதற்குள், "சனிக்கிழமை மத்தியானம் சந்தைக்கு வா. எனக்குப் பை தூக்க ஆள் வேணும்" என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "வா-ன்னா சொன்னீங்க?"

"ஆமா."

"பகல்லயா? ஜென்டா அங்க வருவாங்களே."

"வருவா" என்றாள். குரல் உறுதியாகத்தான் வந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த உறுதி எத்தனை தடவை கரையும், சந்தையில் ஜென்டா பூசணிக்காய்களுக்கு நடுவே நின்று தன்னைப் பார்த்தால் இந்தக் கை அங்கேயே இருக்குமா, அவளுக்கே தெரியவில்லை. அவரைப் படியேற்றிவிட்டுத் தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். ஓயார்ஸ் விளக்கடியில் நின்று அவளுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார், முகம் முழுக்கச் சிரிப்பு, ஆனால் அவள் இருந்த பக்கம் இல்லை, சற்றுத் தள்ளி, ஒன்றுமில்லாத ஒரு வேலியோரத்தைப் பார்த்து. கூப்பிட்டுச் சொல்லலாமா, நான் இங்கே இருக்கிறேன் என்று? சொல்லவில்லை. ஈரச் சருகில் சத்தம் வராமல் நடந்து, அவர் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்த அந்த வேலியோரத்தில் போய் நின்றுகொண்டாள்.