கருமாதிக்கு வந்தவர்கள்

புவனேசன் செத்துப்போனது புக்கிட் பெருந்துங் ஊர் முழுக்கத் தெரியும். புவனேசனுக்கு மட்டும்தான் தெரியாது.

மூளைக்கட்டி முற்றி அவர் நினைவிழந்து கிடந்தபோது, கோலாலம்பூர் கம்பெனி ஒன்று அவர் மனசை அப்படியே கணினியில் ஏற்றித் தருவதாகச் சொன்னது. மனைவி தனேஸ்வரி சம்மதித்தாள். உடல் சாம்பலானது. மனுஷன் இப்போது கூடத்து மேசையில், டேப்லெட் திரைக்குள், கார்ட்டூன் படத்தில் வருவதுபோல் வரைந்த முகத்தோடு வாயடித்துக்கொண்டிருக்கிறார். காது உண்டு, கண் இல்லை. உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில் தேறிக்கொண்டிருக்கிறது என்று அவள் சொன்னதை நம்பிவிட்டார்.

பொய் சொல்ல அவளுக்கென்ன ஆசையா? தன்னை அணைத்துவிடச் சொல்லி அவரே வாய்விட்டுக் கேட்டால் அணைத்தே ஆகவேண்டும், மறுபடி ஏற்ற முடியாது என்று கம்பெனிக்காரன் விதி வைத்திருந்தான். யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே வாழ்ந்த மனிதர் அவர். செத்தது தெரிந்தால் கேட்காமல் விடமாட்டார். அவர் குரலும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

காலையில் கோலசிலாங்கூர் ஆற்றோரம் கருமாதி முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, அழக்கூடாது, நோயாளியைப் பார்க்க வந்த மாதிரி பேசவேண்டும் என்று கெஞ்சினாள்.

பாவம், நன்றாகத்தான் நடித்தார்கள். அவரோடு ஃபேக்டரியில் வேலை பார்த்த சுகுமாறன் பழைய கதைகளைப் பேசி அவரைச் சிரிக்கவே வைத்துவிட்டான். சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வாய் திறக்காமல் நடையைக் கட்டினார்கள். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று யார் சொல்வார்கள்? சின்ன வயசிலிருந்து ஊறிப்போன பழக்கம். இன்றைக்கு மட்டும் சொல்லுங்கள் என்று கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

கடைசி மோட்டார் சைக்கிளும் போனது.

"தனம், சுகுமாறன் போயிட்டானா?"

"போயிட்டாருங்க."

"வாசல் கேட் வரைக்கும் போயும் அரை மணி நேரம் பேசுற ஆளு லா அவன். ஒருத்தருமே போயிட்டு வரேன்னு சொல்லலியே."

மழை வருகிறது, எல்லோருக்கும் அவசரம் என்று என்னென்னவோ சொன்னாள். குரல் உடைந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

"நான் எப்ப செத்தேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்குமேல் அவருக்குப் பதில் தேவைப்படவில்லை.

"சரி, அழாத. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி தனம்..."

அவள் பாய்ந்து டேப்லெட்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்தாள்.

முகம் பேசிக்கொண்டே இருந்தது. உதடுகள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லின. அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். காதில் விழாதவரை அவர் கேட்டதாக ஆகாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். தேறவில்லை.

மறுநாள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஐயா எப்படி இருக்கிறார், ஏதாவது கேட்டாரா என்று விசாரித்தார்கள்.

தனேஸ்வரி திரையைப் பார்த்தாள். உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

"நல்லா இருக்காருங்க," என்றாள். "ஒண்ணும் கேக்கல."