துரைக்கு யார் தண்ணீர் ஊற்றியது

பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது டிப்போ முழுக்கத் தெரியும். டிரைவர்கள்கூட அவரிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். ஆனால் அந்த மனுஷன் ஒரு மிளகாய்ச் செடியின் கிளையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் நாலு மணி வெயிலில் செடி விற்கிறவரிடம் போய்ச் சண்டை பிடிப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. வேர் அழுகுது, அவ்வளவுதான்," என்றார் செடிக்காரர். கிளையைச் சரியாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்னய்யா பேசறே? ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொம்பு ஊத்துறேன். ஒரு சொம்புல எந்தச் செடி அழுகும்?"

"ஒரு சொம்புதானா?"

"சரி, நாலு நாளா ரெண்டு சொம்பு. இலை தொங்குதே, பாத்துக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

"அழுகினாலும் இலை தொங்கத்தான் செய்யும் சார். நீங்க தாகம்னு நெனச்சு மேல மேல ஊத்துறீங்க. வீட்ல வேற யாராச்சும் ஊத்துறாங்களா?"

"யாரு ஊத்துவா? இருக்கறதே ரெண்டு பேரு. அவ அந்த பால்கனிப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

செடி அவருடைய மகளுடையது. பதினெட்டு வயதாகி, கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். ஒரு நாள் அடுக்களை டப்பாவிலிருந்து காய்ந்த மிளகாய் இரண்டை எடுத்து உடைத்து, விதையை முட்டை அட்டையில் தூவி வைத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் குதித்தாள் என்பது வேறு கதை. முளைத்ததில் இரண்டு நாற்று தேறின. அப்பா டிப்போவிலிருந்து டிரில்லிங் மிஷினை இரவல் வாங்கிவந்து, பழைய பெயிண்ட் வாளிகள் இரண்டின் அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

முதல் நாற்று ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது. அப்பா பிரியமாக ஒரு சொம்பு, அம்மா பிரியமாக ஒரு சொம்பு, இவள் ஒரு சொம்பு. தண்டு அடியில் கறுத்துச் சாய்ந்துவிட்டது.

"கொலைகாரக் குடும்பம்!" என்று பாப்பா இடுப்பில் கை வைத்து நின்றாள். "இனிமே ஒரு ரூல். யார் ஊத்தினாலும் காலண்டர்ல டிக் போடணும். டிக் இருந்தா யாரும் கிட்ட வரக்கூடாது. டிக் இல்லேன்னா துரை பட்டினின்னு அர்த்தம்."

மிஞ்சின செடிக்கு அவள் வைத்த பெயர் துரை. துரைக்கு வெயில் வேண்டும், ஆனால் உச்சி வெயில் ஆகாது. துரைக்குக் காற்று வேண்டும், பலமாக வீசினால் கோபித்துக்கொள்வார். கொழுந்து நன்றாக எழும்பி வருகிற நேரத்தில் ஒரு நாள் நுனியை நறுக்கென்று கிள்ளிவிட்டாள். அப்பா பதறிப்போய், "வளர்றதப் போய்க் கிள்ளிட்டியே, பாவி!" என்று கத்தினார். "கிள்ளினாத்தான்ப்பா கிளை விடும். டயரைப் பத்தி நான் ஏதாச்சும் பேசறேனா?" என்றாள். வாய், வாய், அப்படி ஒரு வாய். சொன்ன மாதிரியே செடி நாலு கிளை விட்டு, பச்சைக் குடை பிடித்த மாதிரி நின்றது. முதல் மொட்டு கண்ணில் பட்ட அன்று, பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய காலண்டரில் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக ஒரு டிக் போட்டாள். பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

பதினைந்தாம் தேதி விடிகாலை அவளுக்கு வயிற்று வலியும் காய்ச்சலும்.

டயர்க்காரர் ஐந்து மணிக்கு டிப்போவில் இருந்தாக வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டே, "இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமே," என்றார். அடுப்படியிலிருந்து மனைவி, "பாத்துக்கலாம்," என்றாள்.

பாத்துக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான். யார் பார்த்துக்கொள்வது என்று அந்த வார்த்தையில் இல்லவே இல்லை, கவனித்தீர்களா? 'நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போங்கள்' என்று அவர் எடுத்துக்கொண்டார். 'நீங்கள் ரெண்டு மணிக்கு வந்ததும் ஸ்கூட்டரில் கூட்டிப் போங்கள்' என்று நினைத்து அவள் சொன்னாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லு தேய்க்கிற வேலைக்கு ஒன்பதரைக்குக் கிளம்பிப் போனாள். அவரோ, அவள் லீவு போட்டிருப்பாள் என்ற தைரியத்தில், வேலைக்கு வராத இன்னொருத்தனின் வேலையையும் சேர்த்து ஆறு மணி வரை பார்த்தார். பதினொரு மணி டீ நேரத்தில் போனைக் கையில் எடுத்தார். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பாள், எதற்குத் தொந்தரவு என்று திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பாப்பா யாரையும் கூப்பிடவில்லை. மத்தியானம் வலி குறைந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னாளாம். குடல்வால் வெடித்ததால்தான் அந்த வலி குறைந்தது என்று, ராத்திரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் சொன்னார். "காலையிலயே வந்திருந்தா" என்றும் சொன்னார். இரண்டாம் நாள் பாப்பா போய்விட்டாள்.

அதற்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலையே! முகம் கொடுத்துப் பேசுவதே நின்றுபோனது. 'பால் வந்திருக்கு', 'சாவி அங்க இருக்கு' என்ற அளவோடு சரி. டயர்க்காரரின் அக்கா வந்து ஒன்றரை மாதம் தங்கிச் சமைத்துப் போட்டாள், செடிக்கும் அவளே தண்ணீர் ஊற்றினாள். அவள் ஊருக்குக் கிளம்பிப் போய் ஒரு மாதமாகிறது. அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்து, இரண்டரை மணிக்கு, யாரும் இல்லாத வீட்டில், அவர் துரைக்கு ஒரு சொம்பு ஊற்றுவார். மேல்மண் வெயிலில் காய்ந்து கிடக்கும். ஊற்றிவிட்டுச் சொம்பைத் துடைத்து இருந்த இடத்தில் வைப்பார். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் 'நான் பாத்துக்கறேன்' என்பாள். இந்தத் தடவை இன்னொருத்தரை நம்பி விட அவரால் முடியாது. செத்தாலும் முடியாது.

காலண்டரில் டிக் போடவும் முடியவில்லை. தாள் அந்த மாதத்திலேயே நின்றது. பாப்பா போட்ட கடைசி டிக்குக்கு அடுத்த கட்டத்தில் எந்தக் கையால் போய் எழுதுவது?

செடிக்காரர் அவருடைய முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தணிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். நேத்து ஒரு அம்மா இதே மாதிரி ஒரு கிளையோட வந்தாங்க. அவங்களும் இதையேதான் சொன்னாங்க. 'ஒரு சொம்புதான் ஊத்துறேன், எங்க வீட்ல வேற யாரும் அதைத் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல'ன்னு. இதோ, துணியக்கூட விட்டுட்டுப் போயிட்டாங்க."

மேஜை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி கிடந்தது. மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணி. ஓரத்தில் மனைவி வேலை செய்கிற கடையின் பெயர் அச்சடித்திருந்தது. டயர்க்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் வந்துகொண்டிருந்த சண்டை அப்படியே நின்றுவிட்டது.

"பொழைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

"வாளியக் கவுத்துப் பாருங்க. வேர் கொஞ்சமாச்சும் வெள்ளையா இருந்தா பொழைக்கும். எல்லாம் கறுத்திருந்தா..." செடிக்காரர் முடிக்கவில்லை. "வேற நாத்து தரட்டுமா? நல்லா காய்க்கிற ரகம்."

"வேற எதுக்குய்யா?" என்று சொல்லிவிட்டு அவர் துணியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மனைவி ஏழரைக்கு வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவிடாமல் அவர் துணியை நீட்டினார். அவள் பார்த்தாள். பொய் சொல்ல முயற்சி செய்யவில்லை.

"நீ தண்ணி ஊத்துறியா?"

"நீங்க டிப்போ போனதும் ஊத்துவேன். தெனமும்." அவள் நிமிர்ந்தாள். "நீங்களுமா?"

"ரெண்டரை மணிக்கு."

"ஐயோ, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா நீங்க பாத்துக்கறேன்னுவீங்க. நான் விட்டுடுவேன். அன்னைக்கும் உங்கள நம்பித்தானே விட்டேன்..." அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று மாதமாக வெளியே வராத சொல் வந்துவிட்டது.

"நானும் அப்படித்தான் விட்டேன்," என்றார் அவர். அவருக்குக் கோபம் வரவில்லை. வராதது அவருக்கே பயமாக இருந்தது.

இருவரும் பால்கனியில் பேப்பரை விரித்து வாளியைக் கவிழ்த்தார்கள். டயரைத் தட்டுவது போல அவர் அடியில் தட்ட, ஈரமண் மொத்தமாகச் சரிந்து விழுந்தது. சாக்கடை நாற்றம் குப்பென்று அடித்தது. போட்டுக் கொடுத்த ஓட்டைகளை வேரே அடைத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நாளெல்லாம் மயிரிழைக் கீறல் தேடுகிற கண் அவளுக்கு. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, ஒவ்வொரு வேராக விரலால் நீவிப் பார்த்தாள். வேரின் தோல் அவள் விரலோடு கழன்று வந்தது. உள்ளேயும் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. ஒரு இடத்தில், "இது வெள்ளை! பாருங்க, இது வெள்ளைதானே?" என்று கத்தினாள். அவர் குனிந்து பார்த்தார். முட்டை அட்டையின் துணுக்கு ஒன்று மக்காமல் ஒட்டியிருந்தது.

"வெள்ளை இல்லம்மா," என்றார்.

அவள் அந்தத் துணுக்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "கொலைகாரக் குடும்பம்னு சும்மாவா சொன்னா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, சேறு பட்ட கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாப்பா போன அன்றுகூட ஆளுக்கொரு மூலையில்தான் அழுதார்கள். துரைக்கு ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. விதை எடுத்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போனார்கள். வீட்டில் இருந்து என்ன செய்வது?

பதினொரு மணிக்கு டிப்போவில் டீ வந்தது. டயர்க்காரர் கழற்றிய சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தார். கடையில் போன் பேசினால் முதலாளி சத்தம் போடுவார் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே அவள் எடுத்தாள். பின்னால் கண்ணாடி தேய்க்கிற மிஷின் கிரீச்சிட்டது, பிறகு நின்றது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா... போன் பண்ணணும்னு தோணுச்சு."

அன்று பதினொரு மணிக்குப் போனை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டதை முந்தின ராத்திரி அழுகைக்கு நடுவில் அவளிடம் சொல்லியிருந்தார். எத்தனை மணி என்று அவளும் பார்த்திருக்க வேண்டும்.

"கேளுங்க," என்றாள்.

"என்னத்தக் கேக்கச் சொல்றே?"

"அன்னைக்குக் கேட்டிருக்க வேண்டியத. இப்பவாச்சும் கேட்டுடுங்க."

அவர் சக்கரத்திலிருந்து எழுந்து நின்றார். டிரைவர்கள் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டியா?"

"இல்லைங்க. நான் கடையிலதான் இருக்கேன்," என்றாள் அவள். "நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

"இதோ," என்றார் அவர். "இதோ, கெளம்பிட்டேன்."