மேற்கே சிவப்பு, கிழக்கே நீலம்

பெண்கள் உலகக் கால்பந்துப் போட்டியின் இரண்டாம் நாள் மாலை ஐந்து பத்துக்கு நீல அணி தன் முதல் கோலைப் போட்டது. அதே நிமிடத்தில் பிரேக் அக்காவின் வீடு மேற்குப் பக்கமாக இரண்டு விரற்கடை தாழ்ந்தது. சத்தம் ஏதும் கேட்கவில்லை. சுவரில் விரிசல் விழவில்லை, காரை உதிரவில்லை. கூடத்தின் கிழக்குப் பாதியில் அண்ணி நறுக்குவதற்காக வைத்திருந்த மூன்று தக்காளிகள் மட்டும் தட்டிலிருந்து இறங்கி, தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, உருண்டு வந்து பிரேக் அக்காவின் காலடியில் நின்றன. தொலைக்காட்சியில் நீலச் சட்டைக்காரிகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலேயே அண்ணி சொன்னாள்: “அதுல ரெண்ட இந்தப் பக்கம் தள்ளு. ஒண்ண நீயே வச்சுக்க. தோத்தவங்களுக்கு ஆறுதல் பரிசு.”

பிரேக் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அதை மிதித்து மிதித்து, யாராவது வேகமாக வருவதைப் பார்த்தாலே அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். பேர் அப்படித்தான் வந்தது. வயது நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப்பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த பாடத்தில் நெரிசலான சாலையைக் கொடுத்தாள். அண்ணி அவளுடைய அண்ணன் மனைவி, ஐந்து வயது மூத்தவள், மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது வேலை. அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் தன் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் போன இருபதாம் நாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், அண்ணி அவருடைய பழைய ஸ்கூட்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். பதினாறு வயதில் பிரேக் அக்கா முதன்முதலாக ஓட்டிப் பழகி, விழுந்து, முழங்காலில் தழும்பு வாங்கிய வண்டி அது. ஏன் என்று இவள் கேட்கவில்லை. இதற்காக என்று அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்று, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சீட்டுகள் தொடங்கின. ‘பால் தீர்ந்தது.’ ‘தெரியும்.’ ‘குழாய் ஒழுகுகிறது.’ ‘கேட்கிறது.’ இப்படி எழுதி எழுதி இரண்டு பேருக்கும் கையெழுத்து அழகானதுதான் மிச்சம். கடைசியில் கூடத்துக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பி, கிழக்கு அண்ணிக்கு, மேற்கு இவளுக்கு என்று சீட்டிலேயே முடிவானது. கொத்தனார் வந்து சாக்பீஸால் கோடு போட்டார். கைவசம் வேறு வேலை இருந்ததால், உலகக் கோப்பை இறுதியாட்டம் முடிந்த திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தொலைக்காட்சிப் பெட்டி யாருக்கு என்பது மட்டும் தீரவில்லை. அது கோட்டின் மேல் நின்றது.

பிரேக் அக்கா பத்து வருடமாகச் சிவப்பு அணியின் ஆள். போட்டியின் முதல் நாள் சிவப்பு ஆடியது. தொண்ணூறு நிமிடம் உப்புச் சப்பில்லாமல் ஆடி, கோல் இல்லாமல் முடிந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி எண்பதாவது நிமிடத்தில், ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வாயைத் திறந்தாள்: “என்ன உங்க ஆளுங்க, பந்தை விருந்தாளி மாதிரி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பிடறாங்க?” பிரேக் அக்காவுக்குச் சுருக்கென்றது. “தெரியாத விஷயத்துல வாய விடாதீங்க அண்ணி” என்றாள். அவ்வளவு போதும். அண்ணி அன்றே கடையில் விசாரித்து, சிவப்பின் பரம எதிரி யார் என்று தெரிந்துகொண்டு, மறுநாள் தோளில் ஒரு நீலத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நீல அணியில் ஒருத்தி பேரும் அவளுக்குத் தெரியாது. வீடு சாய்ந்தது அன்றைக்குத்தான்.

கணக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. நீலம் கோல் போட்டால் கிழக்கு உயரும், சிவப்பு போட்டால் மேற்கு உயரும். ஜெயித்தவர் மேலே உட்கார்ந்துகொண்டு கீழே பார்த்துப் பேசலாம். ஆனால் வீட்டிலிருக்கும் பொருளெல்லாம் தோற்றவர் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். வெங்காயம், பேனா, செருப்பு, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. சீட்டு எழுதி ஒட்டப் போனால் சீட்டும் பேனாவும் கீழே போய்விடுகின்றன. ஆகவே வாயால்தான் கேட்க வேண்டியிருந்தது. சும்மா கேட்டால் யார் கொடுக்கிறார்கள்? “உங்க தடுப்பாட்டக்காரிங்க கல்யாண மண்டபத்துல கதவு திறந்து விடறவங்களா?” என்று கேட்டுவிட்டு வெங்காயத்தை அனுப்பினாள் அண்ணி. “உங்க நடுவரிசை நடக்கிற நடைக்கு எங்க எல்-போர்டு பசங்க முந்திடுவாங்க” என்று சொல்லிவிட்டுச் செருப்பை உருட்டினாள் பிரேக் அக்கா.

அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்ததில் நகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்தார். கயிறு கட்டி அளந்தார். அஸ்திவாரம் நேராக இருந்தது, கூரையும் நேராக இருந்தது. வீடு மட்டும் சாய்ந்திருந்தது. அவருடைய படிவத்தில் இதற்கு இடமில்லை. அண்ணி கொடுத்த தேநீரைக் கோப்பையைச் சாய்த்துப் பிடித்துக் குடித்துவிட்டு, குறிப்பு என்ற கட்டத்தில் ‘அடுத்த ஆட்டம் சனிக்கிழமை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சனிக்கிழமை சிவப்பு ஐந்து கோல் போட்டது. மேற்கு மடமடவென்று ஏறியது; அண்ணியின் கட்டில் கிழக்குச் சுவரில் போய் முட்டிக்கொண்டது. கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்க பிரேக் அக்காதான் இறங்கிப் போனாள், தன் பயிற்சி வண்டியின் சக்கரத்துக்கு வைக்கும் கட்டைகளோடு. “தூங்கும்போது உருண்டுடாதீங்க. அப்புறம் உங்க டீமுக்கு இருக்கிற ஒரே ரசிகையும் போயிடுவா” என்றாள்.

அரையிறுதியில் சிவப்பும் நீலமும் நேருக்கு நேர் மோதின. இரண்டு பேரும் அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்கள். காரணம் என்று இரண்டு பேருமே ‘குடும்ப விஷயம்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு கோல் இந்தப் பக்கம், ஒரு கோல் அந்தப் பக்கம் என்று வீடு படகு மாதிரி ஆடியது. இரண்டுக்கு இரண்டு. கூடுதல் நேரத்திலும், அந்தச் சனிக்கிழமை ஐந்து கோலின் கணக்கில் கிழக்கு தாழ்ந்தே இருந்ததால் பிரேக் அக்காவின் நாற்காலி மெல்ல வழுக்கி, கோட்டைத் தாண்டி, அண்ணியின் சோபாவை ஒட்டிப் போய் நின்றது. திரும்ப மேலே இழுத்துக்கொண்டு போக அவளுக்குச் சோம்பலாக இருந்தது. அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். திரையில் சிவப்பின் முன்னணிக்காரி ஒருத்தி பந்தோடு பாய்ந்தாள். பிரேக் அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது.

அண்ணி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உங்க அண்ணனும் இப்படித்தான். ஸ்கூட்டர்ல பின்னாடி உட்கார்ந்து வந்தா காலால பிரேக் போடுவார்.”

“அந்த வண்டிய ஏன் குடுத்தீங்க அண்ணி?” இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்த கேள்வி, தானாக வெளியே வந்து விழுந்தது.

நீலத்துக்கு ஒரு கார்னர் கிடைத்தது, வீணானது. அப்புறம் அண்ணி சொன்னாள்: “எதிர்வீட்டுக்காரர் தினம் காலைல வந்து அத ஸ்டார்ட் பண்ணிட்டுப் போவார். பேட்டரி போயிடக்கூடாதுன்னு. நல்ல மனசுதான், தப்பு சொல்ல முடியாது. நீ அந்நேரம் முதல் பாடத்துக்குப் போயிருப்ப. அந்தச் சத்தம் கேட்டதும் நான் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடுவேன். அவர் கிளம்பிட்டாரு, டப்பாவ மறந்துட்டாருன்னு. பத்தொன்பது நாள் ஓடினேன். இருபதாம் நாள் குடுத்துட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ குடுக்க விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். ஏழு மணிக்கு முதல் பாடம் என்று ஆறரைக்கே கிளம்பிப் போன அத்தனை காலைகளையும் நினைத்துப் பார்த்தாள். வெறும் டப்பாவா, சோறு போட்ட டப்பாவா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கூடுதல் நேரம் முடிந்து நடுவர் ஊதினார். இனி பெனால்டி உதைகள்.

“பாருங்க, உங்க கோல்கீப்பர் கையில எண்ணெய் தடவிக்கிட்டு வந்து நிக்கிறா” என்றாள் பிரேக் அக்கா.

அண்ணி நீலத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ உங்க ஆளுங்களப் பாரு. பந்துக்கே கால் நடுங்குது.”

ஒவ்வொரு உதைக்கும் வீடு இப்படியும் அப்படியும் ஆட, இரண்டு பேரும் சோபாவின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். சிவப்பு ஐந்து, நீலம் நான்கு. பிரேக் அக்கா துள்ளிக் குதிக்க எழுந்து, சரிவில் கால் வழுக்கி, அண்ணியின் மடியில் விழுந்தாள். ஜெயித்த டீமின் ரசிகை இவ்வளவு தாழ்ந்து போகலாமா என்று அண்ணி கேட்டது அந்தத் தெரு முழுக்க ஒரு மாதம் சுற்றியது. இறுதியாட்டத்தில் சிவப்பு, இரண்டு பேரும் அதுவரை கண்டுகொள்ளாத ஒரு பச்சை அணியிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றது. பச்சைக்கு வீட்டில் ஆள் இல்லாததால் வீடு அசையவில்லை.

திங்கட்கிழமை காலை சொன்ன சொல் தவறாமல் கொத்தனார் செங்கல்லோடு வந்தார். கோட்டின் மேல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார், தலைப்பாகையைக் கழற்றி மறுபடி கட்டினார். “சுவரை நேரா கட்டினா உங்க வீட்டுக்குக் கோணல். வீட்டுக்கு நேரா கட்டினா உலகத்துக்குக் கோணல். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார். நாத்தனாரும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவசரமில்லை, நாலு வருஷம் கழித்து அடுத்த கோப்பை முடிந்ததும் வாருங்கள் என்றாள் அண்ணி. அவர் செங்கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். நாலு வருடம் கழித்து வந்தபோது வீடு மேற்கே சாய்ந்திருந்தது. அதற்கடுத்த தடவை அவர் வரவில்லை, மகனை அனுப்பி ஸ்கோர் மட்டும் கேட்டுக்கொண்டார்.

சரிவில் வாழ்ந்து பழகிய பிரேக் அக்காவிடம் மேட்டில் வண்டி நிறுத்தி எடுக்கக் கற்றவர்கள் ஒருவர்கூடத் தேர்வில் தவறவில்லை. அண்ணி தேய்த்த லென்ஸ்கள் எல்லாம் ஒரு பாகை சாய்ந்தே வந்தன. யாரும் குறை சொல்லவில்லை, மாடிப்படி இப்போதுதான் ஒழுங்காகத் தெரிகிறது என்று ஒருவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அண்ணி ஓய்வு பெற்ற வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். வாசலில் செருப்பை விட்டாள், அது உள்ளே நழுவிப் போனதைப் பார்த்தாள், நாற்காலியில் உடம்பை லேசாக ஒருபக்கம் சரித்து உட்கார்ந்துகொண்டாள். பேர், வயது, தொழில் எல்லாம் எழுதி முடித்து, இந்தக் கட்டடத்தில் எத்தனை குடும்பம் என்று கேட்டாள்.

“ஒண்ணு” என்றாள் அண்ணி.

“ஆனா ரெண்டு டீம். அதையும் எழுதிக்கோங்க” என்றாள் பிரேக் அக்கா.

அந்தப் பெண் ஒன்று என்று எழுதினாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, யார் எந்தப் பக்கம் என்று கேட்டு, பக்கத்தில் சின்ன எழுத்தில் அதையும் எழுதிக்கொண்டு, மேடேறி வாசலுக்குப் போனாள்.