பியானோ நிற்கிற இடம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் முதலில் ஜன்னல்களைச் சாத்துவார்கள். பிறகு திரையை இழுப்பார்கள். கடைசியாக மின்விசிறியை நிறுத்துவார்கள். உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடலாம். அதற்கு மட்டும் இன்னும் தடை உத்தரவு வரவில்லை.

இத்தனை கட்டுக்காவலும் ஒரு இசைத்தட்டுக்காக. வீட்டுக்காரர் அச்சகத்தில் ஃபோர்மேன். சிநேகிதர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ரேடியோ. பாட்டுப் பைத்தியம் என்பதால் வைத்த பெயர் என்று நினைத்தால் அது தப்பு. ஓயாத வாய்க்காக வைத்த பெயர் அது. அந்த வாயை வாடகைக்கு விட்டிருந்தால் இந்த இரண்டு அறை வீட்டின் மேல் ஒரு மாடியே எழுப்பியிருக்கலாம் என்பது அவர் மனைவியின் கணக்கு.

ஜாஸ் என்றதும் பித்தளைக் குழல்கள் அலற, கூட்டம் எழுந்து ஆடுகிற சங்கதி என்றுதான் பலரும் நினைப்பார்கள். ரேடியோவின் அலமாரியில் இருந்தது வேறு ஜாதி. ஐரோப்பாவின் ஏதோ குளிர் ஊர்களில், பெயர் தெரியாத மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர், காலிக் கூடத்தில் உட்கார்ந்து பக்கத்து அறையில் குழந்தை தூங்குவது போல வாசித்த தட்டுகள். அச்சகத்துக்குப் புது மெஷின் வந்த வருஷம் அதை நிறுவிக் கொடுக்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர், போகும்போது ஒரு தட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. "அவரு வாயத் தொறக்கல, தட்டக் கொடுத்தாரு, நான் ஆளே மாறிட்டேன்" என்று ரேடியோ வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு மணி நேரம் சொல்லுவார்.

அந்தத் தட்டின் உறையில் சாம்பல் நிற ஏரி, ஆளில்லாத படகு. உள்ளே பியானோ ஒருவர், பாஸ் என்கிற ஆள் உயரத் தந்தி வாத்தியம் ஒருவர், டிரம்ஸ் ஒருவர். இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டுதான் ரேடியோவுக்கு உயிர். பியானோ எதையோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடும். பாஸ் அதை எடுத்து முடித்து வைக்கும். வெகுநாள் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர்கள் பேசிக்கொள்கிற தோரணை. நடுவில் இரண்டும் நின்றுவிடும். டிரம்ஸ்காரர் மட்டும் தனியாக, கம்பி பிரஷ்ஷை வைத்து முரசுத் தோலின் மேல் மெள்ளத் தேய்ப்பார். ஒரு நிமிடம்தான். பிறகு பியானோ திரும்பி வரும்.

அந்த ஒரு நிமிடம்தான் மனைவிக்கு வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் இந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குத் தண்டனை. வியர்த்து வழிய சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து துணி காய்ந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். எழுந்து தண்ணீர் குடித்தால்கூடக் குற்றம். ஆனால் வருஷக்கணக்கில் காதில் விழுந்தால் கல்லும் கரையும் அல்லவா? இழுத்து உட்கார வைத்த பந்தியில் பசி வந்துவிட்ட மாதிரி, ஒரு நாள் அவளுக்கு அந்தப் பாட்டு பிடித்துப்போயிற்று. பிடித்த பிறகுதான் கவனித்தாள், அந்த ஒரு நிமிடம் வரும்போதெல்லாம் இந்த மனுஷன் பேசுகிறார். மற்ற இடத்தில் வாயை அடக்கினாலும் அடக்குவார். அங்கே தவறவே மாட்டார்.

"இப்பப் பாரு, இப்ப பியானோ வரும் பாரு. வர்றதுக்கு முன்னாடி எப்படிக் காக்க வைக்கிறாரு பாத்தியா..."

பேச்சுக்கு அடியில் பிரஷ் ஓடிக்கொண்டிருக்கும். துணி போட்டு மூடிய பொருள் போல, அது இருப்பது தெரியும், என்னவென்று தெரியாது. தனியாகக் கேட்கவும் வழியில்லை. பிளேயரின் ஊசியை அவர் கை தவிர வேறு கை தொடக் கூடாது. நகல் எடுப்பது அவர் அகராதியில் பாவம். அவள் வீட்டுக்கு வரும் நேரமெல்லாம் அவரும் வீட்டில் இருப்பார்.

"அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எந்த எடத்துல?" என்றார்.

"உங்ககிட்ட சொல்றது செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்றாள். அவரும் சிரித்தார். அன்று வந்திருந்த சிநேகிதர், அச்சகத்துப் பைண்டர், அவர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

இதில் வேடிக்கை, அவளுடைய உத்தியோகம். காது மருத்துவமனையில் கேட்கும் திறனைப் பரிசோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். 'கீ' என்று சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். நாளெல்லாம் ஊரார் காதுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு, தன் காதுக்கென்று ஒரு நிமிடம் இல்லை.

அந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் மதியம் சாப்பிடும்போதுதான் அவளுக்கு யோசனை தோன்றியது. இந்த மனுஷனைப் பிடித்து அதற்குள் போட்டு அடைத்தால் என்ன? கதவைச் சாத்தினால் உள்ளே அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே வராது. அவர் உள்ளே பேசட்டும், தான் வெளியே ஒரு ஹெட்ஃபோனில் கேட்கலாம்.

"ஊர்லயே அமைதியான எடம் எங்க ரூம்தான். உங்க தட்ட அங்க ஒரு தடவை கேட்டுப் பாக்கலாமே" என்று அன்று இரவு தூண்டிலைப் போட்டாள். மீன் கொக்கியோடு கம்பையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

சனிக்கிழமை மதியம், நோயாளிகள் போன பிறகு, பிளேயரைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பரிசோதனை மெஷினோடு அதை இணைத்தாள். கூண்டுக்குள் இருந்துகொண்டு ஊசியை வைக்க முடியாதே? நிறைய யோசித்து, நிறையப் பேசி, கடைசியில் ஊசியை அவளிடம் ஒப்படைத்தார்.

"மெதுவா. பூ மாதிரி. கை நடுங்கக் கூடாது."

"நீங்க உள்ள போங்க முதல்ல."

கனத்த கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் வருகிற மைக்கை அணைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசைந்துகொண்டேயிருந்தது, சத்தம் இல்லை. அத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. தானும் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஊசியை வைத்தாள்.

பியானோ ஆரம்பித்தது. பாஸ் வந்தது. கண்ணாடிக்குள் அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். பிறகு இரண்டும் நின்றன.

அப்போது கேட்டாள். பிரஷ் தோலின் மேல் வட்டமாகப் போனது. வட்டம் போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னத் தயக்கம். நடுநடுவே டிரம்ஸின் பித்தளைத் தட்டு விளிம்பில் ஒரு தொடல், தொட்டதா இல்லையா என்கிற அளவுக்கு. யாரோ ஒருவர் எல்லோரும் போன வீட்டைப் பெருக்கிக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் ஹெட்ஃபோனைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டினார். அவளைப் பார்த்துக் கையை விரித்தார். வாயசைப்பு தெளிவாகத் தெரிந்தது. "நின்னுடுச்சு."

அவள் மெஷினைப் பார்த்தாள். சத்தத்தின் அளவைக் காட்டும் முள் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் போவது ஒரே சத்தம்தான். பிரஷ் அவள் காதில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் எதுவுமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தார். பியானோ திரும்பி வந்தது. அவர் முகம் மலர்ந்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

மைக்கைத் திறந்தாள். "ஒயர் ஏதோ லூஸு. நடுவுல கட்டாயிடுச்சு" என்றார்.

"வந்ததுதான் வந்தீங்க, ஒரு டெஸ்ட் பண்ணிடலாம்" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

கனத்த சத்தங்களுக்கெல்லாம் பொத்தான் விளக்கு டக்டக்கென்று எரிந்தது. சத்தம் மெலிந்து கீச்சென்று மேலே போகப் போக எரிவது குறைந்தது. அப்புறம் அவர் அவள் கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து அமுக்க ஆரம்பித்தார். பரீட்சையில் எட்டிப் பார்க்கிற பையன் புத்தி. அவள் உள்ளே போய் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வந்தாள். பிறகு முதுகு மட்டும்தான் தெரிந்தது. சட்டைக் காலரில் கறுப்பு மைக் கறை. சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். விளக்கு எரியவில்லை. முதுகு நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தது.

முப்பது வருஷம் அச்சு மெஷின் பக்கத்தில் நின்ற காது. அடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள் என்றால், "சத்தத்த வச்சுதான் மெஷினுக்கு என்ன நோவுன்னே கண்டுபிடிப்பேன்" என்பார். புதிதில் அந்த நிமிடம் வரும்போது, "இங்கதான், இங்கதான்" என்று அவர் கையைத் தூக்கி எல்லோர் வாயையும் அடைத்தது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அப்போது அவர் கேட்டார், அவள் கேட்கவில்லை. அவர் எப்போது பேச ஆரம்பித்தார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. மெள்ள மெள்ளக் காலியான இடத்தை மனுஷன் பேச்சைப் போட்டு நிரப்பியிருக்கிறார், தனக்கே தெரியாமல். ஊர்க் காதையெல்லாம் சோதித்தவளுக்கு வீட்டுக் காது தெரியவில்லை. விளக்கடியில் இருட்டு. அதுவும் போதாதென்று சங்கு வேறு ஊதியிருக்கிறாள்.

காதுக் கருவி இருக்கிறது. பேச்சுக்கு நன்றாகவே உதவும். அந்தப் பிரஷ்ஷை அது கொண்டுவந்து தருமா என்றால், அவளால் சத்தியம் செய்ய முடியாது.

வெளியே வந்தவர், "என்ன, பாஸா?" என்றார்.

சொல்லிவிட்டால் அவருடைய உயிரான பாட்டின் நடுவில் ஒரு ஓட்டை விழும். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சுக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூண்டுக் கதவைச் சாத்தியது அவள்தான், மாட்டிக்கொண்டதும் அவள்தான்.

"ஒயர்தான் லூஸு" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஜன்னல், திரை, மின்விசிறி. பைண்டர் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. பியானோ நின்றது, பாஸ் நின்றது.

"இப்பப் பாரு, இப்ப..." என்று ஆரம்பித்தவர், அவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அவர் அப்படியே திரும்பிப் பைண்டரைப் பார்த்தார். பைண்டர் கண்ணை மூடியிருந்தார். அவருடைய ஆள்காட்டி விரல் முழங்கால் மேல் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ அந்த விரலையே பார்த்தார். பியானோ வரும்வரை பார்த்தார். வந்தபின் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"ஒயர் லூஸு இல்ல, இல்லையா?"

"இல்லைங்க."

பைண்டர் கண்ணைத் திறந்து, "எந்த ஒயர்?" என்றார்.

ரேடியோ ஊசியை அந்த நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோய் வைத்தார். ஊசி வழுக்கி, தட்டு ஒரு கீறல் சத்தம் போட்டது. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

"என்ன சொல்ல?"

"அங்க என்ன நடக்குதுன்னு. எனக்கு மறந்துபோறதுக்குள்ள."

இரண்டும் நின்றன. "பிரஷ் தோல் மேல போகுது" என்றாள். "வட்டமா. மெதுவா. திரும்புற எடத்துல கொஞ்சம் தயங்குது... இப்ப பித்தளைத் தட்டத் தொட்டாரு."

"ஆமா. விளிம்புல."

"ஆமா, விளிம்புல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். அந்த ஒரு கணத்தில் பிரஷ் தெளிவாக, துணி விலகின மாதிரி, காதுக்குப் பக்கத்தில் வந்தது. அவர் கை அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"நிறுத்தாத."

அவள் நிறுத்தவில்லை. வியர்வை கழுத்தில் வழிய, சாத்திய அறைக்குள் பேசிக்கொண்டே போனாள். அவள் குரலுக்கு அடியில் அந்த நிமிடம் ஓடி முடிந்தது. பியானோ வந்தபிறகுதான் அவளால் வாயை மூட முடிந்தது.