வயிற்றில் ரொட்டி

"ஐ ஹேவ் எ பேன் இன் மை ஸ்டொமக்" என்று அமீர் நிஷா கணீரென்று வாசித்தாள்.

"பேனா? தலையில ஊர்ற பேன் வயித்துக்குள்ள எப்படிடி போச்சு?" என்றாள் அன்னபூரணி.

"தலைப்பேன் இல்லக்கா, பிரான்சுப் பேன். பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாங்க. பேன்னா ரொட்டி. எனக்கு வயித்துல ரொட்டி இருக்கு. சரிதானே?"

அவள் தங்கை மெஹர் பானு தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அது இங்கிலீஷ்ல பெயின். வலின்னு அர்த்தம்" என்றாள் அன்னபூரணி.

"எழுத்து ஒண்ணுதானேக்கா?"

"எழுத்து ஒண்ணுதான். அர்த்தம் வேற."

அமீர் நிஷா அசரவில்லை. "என்ன வேற? நேத்து ரொட்டியைத் தின்னேன், இன்னிக்கு வலிக்குது. பேன் உள்ள போனா பெயின். ரெண்டும் ஒண்ணுதான்."

அன்னபூரணி பேரளத்துப் பெண், அங்கே இங்கிலீஷ் படித்தவள். பேரளத்திலிருந்து ரயில் ஏறினால் உட்கார்ந்த இடம் சூடேறுவதற்குள் காரைக்கால் வந்துவிடும். ஆனால் அது ஐம்பத்து மூன்றாம் வருஷம். நடுவில் சுங்கச் சோதனை, இந்தப் பக்கம் பிரெஞ்சுக் கொடி. வெளிநாடுதான். சின்னம்மா வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் படிப்புப் படித்தாள். பாடமெல்லாம் பிரெஞ்சு. எழுதச் சொன்னால் பிழையில்லாமல் எழுதுவாள். யாராவது கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திங்கட்கிழமை வாய்மொழித் தேர்வு. "தேறலேன்னா பெட்டியோட வந்துடு, போதும்" என்று அப்பா ரயிலடியிலேயே சொல்லியனுப்பியிருந்தார்.

பக்கத்து வீட்டு நூகுவுக்குப் பினாங்கில் கடை. அடுத்த வருஷம் குடும்பமே அங்கே போகிறது. அதனால்தான் அவர் பெண்கள் நிஷா, பானு இரண்டு பேருக்கும் மாலையில் அன்னபூரணியிடம் இங்கிலீஷ் பாடம்.

கொல்லைப்புறத்தில் மீன்காரி காசியம்மாவின் குரல் கேட்டது. அமீர் நிஷா பாய்ந்து போனாள்.

"யூ கம் லேட்! ஃபிஷ் ஓல்ட், யூ ஓல்ட்!"

"என்ன பாப்பா, ஏசுறியா?"

"இல்ல, இங்கிலீஷ்."

"அப்ப சரி. ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது."

திரும்பி வந்தவளிடம் அன்னபூரணி கேட்டாள்: "தப்பாப் பேசறமேன்னு கூச்சமே இல்லியா நிஷா?"

"நான் தப்பாப் பேசினா நாலு பேரு சிரிப்பாங்க, அவங்களுக்குச் சந்தோசம். பேசாம இருந்தா யாருக்கு லாபம்? நீங்கதான் எந்நேரமும் வாயைப் பூட்டி வெச்சிருக்கீங்க. ஒருக்கா தொறந்துதான் பாருங்களேன்."

பத்து வார்த்தையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் தெருவையே ஆள்கிறாளே என்று அன்னபூரணி வாய் பிளந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை பிரெஞ்சு டாக்டர் ஒரு பக்கத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். நோயாளிக்குக் காலையில் ரொட்டி கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி. பயத்தில் நாக்கு இங்கிலீஷுக்குத் தாவிவிட்டது. 'பேன்' என்பதைப் 'பெயின்' என்று வாசித்துவிட்டாள்.

டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியும். புருவத்தை உயர்த்தினார். "மத்மசேல், நோயாளிக்கு வலியையா கொடுப்பீர்கள்?"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாக்கு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, வயிற்றில் ரொட்டி இருப்பதாகச் சொன்ன அந்தக் கணீர்க் குரல் காதில் கேட்டது. அன்னபூரணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

"முசியே, இன்று ரொட்டி கொடுத்தேன், நாளை வலி வந்தது. இரண்டும் ஒன்று."

பிரெஞ்சு வினைச்சொல் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கேள்வி மேல் கேள்வி. குழந்தை தலைகீழாக இருந்தால்? தாய்க்குக் காய்ச்சல் கண்டால்? தெரிந்ததைத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள், வார்த்தை கிடைக்காத இடத்தில் கையால் காட்டினாள், நிறுத்தவே இல்லை.

"எழுத்தில் தவறே இல்லை. பேச்சு முழுக்கத் தவறு" என்றார் டாக்டர். "பரவாயில்லை. வலியில் துடிக்கிறவள் இலக்கணம் கேட்க மாட்டாள். தேறிவிட்டீர்கள். இப்படித் துணிந்து பேச யார் சொல்லிக் கொடுத்தது?"

"என் மாணவி, முசியே."

அன்று அவள் பேசியதில் பிழையே இல்லாத பேச்சு அது ஒன்றுதான். டாக்டருக்கு அதுதான் பிழையாகப் பட்டது.

"ஆசிரியை என்று சொல்ல வேண்டும், மத்மசேல்."

"இல்லை, முசியே" என்றாள் அன்னபூரணி. "மாணவிதான்."