உத்தரவுக் கல்யாணம்

அவிஸ் வாற்கோதுமைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, பிரபுவின் காரியஸ்தர் டிரோகோ கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். பின்னால் உழவுமாட்டுக்கார ஹேமோ தொப்பியைக் கையில் பிசைந்தபடி நின்றான்.

"அறுப்புக்கு முன்னாடி இவனைக் கட்டிக்கோ. பிரபு உத்தரவு," என்றார் டிரோகோ.

அவிஸ் கிண்டுவதை நிறுத்தவில்லை. போன வருஷக் கொள்ளைநோய் ஊரில் பாதிப் பேரை வாரிக்கொண்டு போனது; அவள் புருஷனும் அதில் போனான். அவள் பண்ணையடிமை. வாரத்தில் பாதி நாள் பிரபுவின் வயலில் சும்மா உழைத்தாக வேண்டும். ஆம்பளை இல்லாத குடிசையிலிருந்து வரும் உழைப்பு குறைந்துவிடும் என்பதுதான் பிரபுவின் கவலை.

"மாட்டுக்கு ஜோடி சேக்குற மாதிரி சேக்குறீங்களே ஐயா. அந்த ஆளுகிட்டயாவது கேட்டீங்களா?"

ஹேமோ தொண்டையைச் செருமினான். "கோவிச்சுக்காத அவிஸ். உம்மேல ஒரு குறையுமில்ல. ஆனா உத்தரவுக்காகக் கட்டிக்க எனக்கு இஷ்டமில்ல."

"எனக்கும்தான். உம்மேல குறை நிறைய இருக்கு, அது வேற கதை."

ஹேமோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிரோகோவின் முகம் சிவந்தது. "ரெண்டு பேர் காலையும் ஊர் நடுவுல தொழுமரத்துல மாட்டிப்புடுவேன்."

"மாட்டுங்க," என்றாள் அவிஸ். "அப்புறம் கதிரை யாரு அறுப்பா? செவர்ன் ஆத்துக்கு அக்கரைப் பண்ணையில ஆளு தேடுறாங்க. கூலியும் உண்டு, மத்தியானம் ரொட்டியும் பீரும் உண்டு. நீ யாரோட அடிமைன்னு அங்க யாரும் கேக்குறதில்லையாம்."

போன வாரம்தான் ஒரு குடும்பம் சட்டிபானையோடு ஆற்றைக் கடந்திருந்தது. டிரோகோ வாசல் வழியே பார்த்தார். வேலி வரைக்கும் கோதுமை முற்றிச் சாய்ந்து நின்றது. வயலில் ஓர் ஆள்கூட இல்லை. அவர் மெல்லப் பலகையில் உட்கார்ந்தார்.

"சரி, கல்யாணப் பேச்சை விட்டுடுறேன். அறுப்புக்கு மட்டும் வந்துடுங்க."

"சும்மாவா, கூலிக்கா?" என்றான் ஹேமோ.

டிரோகோ கஞ்சிப் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூலிக்குத்தான்," என்றார் கடைசியில்.

அவிஸ் அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைத்தாள்.

அறுப்பில் இருவரும் அடுத்தடுத்த வரிசையில் நின்றார்கள். அவன் கோணலாக அறுக்கிறான் என்று அவள் பொழுதுக்கும் கேலி செய்தாள். அவளை எரிச்சலூட்டவே அவன் ராகம் தப்பிப் பாடினான். எப்போது கேலி குறைந்து பேச்சு வளர்ந்தது என்று இருவருக்குமே தெரியாது.

வசந்தத்தில் ஒருநாள் மாதா கோயில் மணி அடிப்பதைக் கேட்டு டிரோகோ ஓடி வந்தார். கோயில் வாசலில் அவிஸும் ஹேமோவும் கைகோத்து நின்றார்கள்.

"அடிமைங்க கல்யாணம் பண்ணணும்னா பிரபுகிட்ட அனுமதி வாங்கணும். வாங்குனீங்களா?"

"மறந்துட்டோம் ஐயா," என்றாள் அவிஸ்.

அது உழவு நேரம், ஊரில் ஆள் பஞ்சம். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.